வடிவம்மா பொறுக்கித் தந்த செடி

நமுனுகுல மலையடியில் இருந்த எங்கள் தோட்டத்தில் வடிவம்மாவைத் தெரியாதவர் இல்லை. அவளை ஏறெடுத்துப் பார்த்தவரும் இல்லை. கவ்வாத்து வெட்டி முடிந்த தேயிலைச் செடிகளின் தண்டில் படர்ந்த பாசியைச் சுரண்டுவது அவள் வேலை. ஐம்பது வயதிருக்கும். புருஷன் இல்லை. பாசியோடு சேர்ந்து முளைத்திருக்கும் குட்டி ஆர்க்கிட் செடிகளையும் சுரண்டி எறியவேண்டும் என்பது தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் உத்தரவு. அவளோ அவற்றை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு வந்து, நாங்கள் லயம் என்று சொல்லும் தொழிலாளர் வீட்டு வரிசைக்குப் பின்னால் நின்ற பலா மரத்தில் நாரால் கட்டிவைப்பாள். நகத்தளவு செடி, கடுகளவு பூ. கிறுக்கி என்றார்கள். நானும் சொன்னேன்.

நான் சிவஞானம், பதுளைக் கடைக்காரர் ஒருவரின் மகன். 1913இல், இருபத்து நாலு வயதில், அந்தத் தோட்டத்து மருந்துச்சாலைக்கு வேலைக்கு வந்தேன். காய்ச்சலுக்குக் கொயினாவும் பேதி மருந்தும் கலந்து கொடுப்பவனை ஜனங்கள் ‘மருந்தையா’ என்று கும்பிட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. துரையின் மனைவி, துரைசாணி, பங்களாவில் ஆர்க்கிட் வளர்ப்பவள். சனிக்கிழமைதோறும் மருந்துச்சாலைக்கு வந்து குழந்தைகளைப் பார்த்துவிட்டுப் போவாள். என் விறாந்தையிலும் ஒரு செடி தொங்கினால் அவள் என்னிடம் நாலு வார்த்தை நின்று பேசுவாள் என்று கணக்குப் போட்டேன். பூவின் மேல் எனக்கு ஒரு ஆசையும் இருக்கவில்லை. அதை இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

புதிதாக வளர்ப்பவனுக்கு எது தோது என்று வடிவம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். மறுநாளே ஒரு மரப்பட்டைத் துண்டோடு வந்தாள். அதில் நாலைந்து தடித்த இலைகள், அவ்வளவுதான்.

“இதுல ஆரம்பிங்கய்யா. எல தடிப்பா இருக்கு பாருங்க, தண்ணிய உள்ளுக்கே வச்சுக்கும். வேரும் தடிப்பு. ரெண்டு நாள் மறந்துட்டாலும் சாவாது. நம்ம லயத்துப் பக்கமே மொளச்சது, இந்தக் காத்து இதுக்குப் பழக்கம்.”

“பூ எங்க?”

“மாசியில பூக்குங்க. வெளுத்த மஞ்சள். கிட்ட வந்து பாத்தாத்தான் தெரியும்.” பிறகு பட்டையைத் தடவிக்கொண்டே, “மண்ணுல வச்சிராதீங்க. காலையில மட்டும் தண்ணி தெளிங்க. இந்தப் பாசியச் சுரண்டிராதீங்க, அதுதான் இதுக்கு வீடு,” என்றவள், தானே சிரித்துவிட்டாள். “சுரண்டுறவ சொல்றேன் பாருங்க.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிட்ட வந்து பார்த்தால்தான் தெரியும் பூவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? மலை உச்சிப் பாறையில் செடியைவிடப் பெரிதாக ஊதா நிறத்தில் பூக்கும் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். அதைக் கொண்டுவரச் சொன்னேன்.

“அது பனிக்குள்ளயே கெடந்து வளர்றதுங்க. வேரு நூலாட்டம் இருக்கும். இங்க மேக்கால இருந்து கச்சான் காத்து அடிச்சா கருகிப்போகும்.”

“நீ கொண்டா. வளக்கிறது என் பாடு.” என் தாயின் வயதுக்காரியிடம் இப்படித்தான் பேசினேன்.

“காலையில பெரட்டுல பேர் குடுக்கலேன்னா கங்காணி சும்மா விடமாட்டாருங்க. பூவம்மா வேற நெறமாசமா இருக்கா.”

பூவம்மா அவளுடைய ஒரே மகள். மருமகன் கண்டிக்குப் போனவன் திரும்பவில்லை. மகளின் பிரசவம் இந்த லயத்திலேயே, மருந்துச்சாலைக்குப் பக்கத்திலேயே நடக்கவேண்டும் என்பதுதான் அந்த மனுஷியின் ஒரே கவலை. நேரம் வந்தால் நானே வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன். அப்படிச் சொன்னவன் கேட்கும்போது அவளால் எப்படி மறுக்கமுடியும்? அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

“உனக்குக் காய்ச்சல்னு நான் சீட்டுத் தர்றேன். வெள்ளிக்கிழமை போயிட்டு வா,” என்றேன்.

வெள்ளிக்கிழமை விடிய ஏறிப்போனவள், மத்தியானம் முந்தானையில் செடியை மூடிக்கொண்டு இறங்கி வந்தாள். தோட்ட எல்லையில் குதிரையில் வந்த துரை எதிர்ப்பட்டார். எங்கே போனாய் என்றதற்கு அவள் வாய் திறக்கவில்லை. காய்ச்சல் என்று பெரட்டில் சொல்லிவிட்டு மலையில் அலைகிறாள் என்று கூட வந்த கங்காணி கொதித்தார். இருவரும் அவளை மருந்துச்சாலை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

நீ இவளுக்குச் சீட்டுக் கொடுத்தாயா என்று துரை கேட்டார். சீட்டை எழுதி மேசையில்தான் வைத்திருந்தேன். அதன் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு, “இல்ல தொர,” என்றேன்.

வடிவம்மா என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுப்பாள் என்று பயந்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பொய் சொல்லி வேலைக்கு வராததற்காக அவளைத் தோட்டத்தை விட்டு நிறுத்தினார்கள். மூன்று நாளில் லயத்தைக் காலி செய்யவேண்டும். போகிற அன்று, மூட்டையைத் தலையிலும் அந்த மலைச் செடியைக் கையிலும் வைத்தபடி மருந்துச்சாலைக்கு வந்தாள். பூவம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதையில் நின்றாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

“இந்த மேமலைச் செடிய காத்துல தொங்கவிடாதீங்கய்யா. ஈரத் துணியால மூடி வைங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

ஊதாப் பூவைத் துரைசாணி பார்த்தாள், அழகாயிருக்கிறது என்றாள், போய்விட்டாள். பதினோராம் நாள் செடி கருகிவிட்டது. அடுத்த மாதம், பண்டாரவளையிலிருந்து துணி விற்க வரும் தாஸிம் செய்தி சொன்னார். பூனாகலைத் தோட்டத்துக்கு வேலை தேடி நடந்து போகும்போது பூவம்மாவுக்கு வழியிலேயே வலி கண்டுவிட்டதாம். பிள்ளை தங்கவில்லையாம். வடிவம்மா பூனாகலையிலும் பாசிதான் சுரண்டுகிறாளாம். ஒரு நாள் நடை. நான் போகவில்லை. இன்று நாளை என்று பத்து வருஷம் கடத்தினேன். அதற்குள் அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அவள் முதலில் தந்த பட்டைத் துண்டு மட்டும் சாகவில்லை. தண்ணீர் ஊற்ற மறந்தேன், கச்சான் காற்று அடித்தது, ஆனாலும் மாசியில் பூத்தது. கிட்டப்போய்ப் பார்த்தேன். அன்றுதான் அழுதேன்.

போன மாசியில் புதுக் கிளாக்கரின் மனைவி பாக்கியலெட்சுமி வந்து, முதல் முதலாக வளர்க்க எந்தச் செடி நல்லது என்று என்னிடம் கேட்டாள். தடித்த இலை, தடித்த வேர், பக்கத்தில் முளைத்தது, பாசியைச் சுரண்டாதே என்று ஒன்று விடாமல் சொல்லி, ஒரு கிளையைப் பிரித்துக் கொடுத்தேன். “இதெல்லாம் யாருங்கய்யா சொல்லிக் குடுத்தது?” என்றாள்.

“நானாப் பழகினதுதான்,” என்றேன்.

அவளைப் பார்த்து மற்றவர்களும் கேட்டு வாங்கிப்போக, இப்போது அந்தச் செடி பத்து வீடுகளில் தொங்குகிறது. எல்லோரும் அதை ‘மருந்தையா செடி’ என்கிறார்கள். அது வடிவம்மாவின் செடி என்று நான் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.