மதினி தேடிய கார்

கம்ப்யூட்டர் சுட்டியைத் தொடுவதற்கு முன் மதினி தன் வலது கையைச் சேலைத் தலைப்பில் இரண்டு முறை துடைத்துக்கொண்டது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. காலையில் மிளகாய்ப் பழம் பறித்த கை. அந்தக் காந்தல் கருவியில் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்தார். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு அருகே, மாடியில் இருந்த பிரௌசிங் சென்டர் அது. இன்று யார் வேண்டுமானாலும் கைப்பேசியிலேயே கார் பார்த்துவிடலாம். அன்று எங்கள் ஊரில் அப்படி ஒன்று உண்டென்றே பலருக்குத் தெரியாது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான், பழைய கார்களின் விலையை இணையத்தில் பார்க்கலாம் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, "என்னைய அங்கன கூட்டிட்டுப் போத்தா" என்று கிளம்பிவிட்டார்.

மதினியின் கணவரான என் அண்ணன் பதினைந்து வருடம் அடுத்தவர் வண்டியில் யாத்ரீகர்களை ராமேஸ்வரத்துக்கு ஏற்றிச் சென்றவர். சொந்தமாக ஒரு டாக்ஸி வாங்க, மதினிக்கு அவர் அய்யா கொடுத்த புஞ்சையை விற்றிருந்தார்கள். ஒரு புரோக்கர் ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டியொன்றைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். புதுப் பெயின்ட் பளபளத்தது. அண்ணனுக்கு அதைவிட்டுக் கண் நகரவில்லை. வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் என்று பேச்சு முடிந்தது. மதினி மட்டும், நாலு இடத்தில் விசாரிக்கலாமே என்றார்.

"பொட்டியில பாத்து எவனாச்சும் காரு வாங்குவானா?" என்று கத்தினார் அண்ணன்.

"வாங்க வேணாம். விலையத் தெரிஞ்சுக்குவோம். போனது எங்கய்யா நெலம்."

மதினி பத்தாவது வரை படித்தவர். திரையில் எல்லாம் ஆங்கிலம். முதல் நாள் எழுத்துக் கூட்டிப் படித்தார். மூன்றாம் நாள், எந்த வருட வண்டி, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை பேர் கை மாறியது என்று அவரே எனக்குச் சொன்னார். அதே ரக வண்டிகளை வரிசையாகப் பார்த்து வந்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"ஏத்தா, இது நம்ம வாசல்ல நின்ன நம்பர்தான?"

நான்கு மாதப் பழைய விளம்பரம். படத்தில் முன்பக்கம் நசுங்கி, கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது அதே வண்டி. மதினி பதறவில்லை. அந்தப் பக்கத்தை அச்செடுத்து, மடித்து, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

வீட்டில் அண்ணன் அந்தத் தாளை வாங்கி இரண்டு முறை பார்த்தார். மறுநாள் தனக்குத் தெரிந்த மெக்கானிக்கோடு போய், வண்டியின் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தார். அடியில் நெடுக, உடைந்த இடங்களை ஒட்டிய வெல்டிங். திரும்பி வந்து, சாப்பிடும்போது, "வேற என்ன வண்டிடி இருக்கு அதுல?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு மதினி சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மதுரையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வண்டி தேறியது. மதினியே போனில் பேசினார். இடது கதவில் ஒரு நெளிசல் இருப்பதை யாரும் கேட்காமலே அவராகச் சொன்னதால், "இந்த மனுசன நம்பிப் போலாம்" என்றார். மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு நால்வரும் பஸ்ஸில் போனோம். வண்டி சுத்தமாக இருந்தது. விலைப் பேச்சு வந்தபோது மதினி, அதே வருடத்து வண்டிகள் ஐந்துக்கான அச்சுத்தாள்களை ஆசிரியர் முன் விரித்தார். "நீங்களே பாத்துச் சொல்லுங்க சார்." அவர் கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் படித்தார். பிறகு சிரித்துவிட்டு, மதினி மனதில் வைத்திருந்ததற்கும் சற்றுக் குறைவாகவே சொன்னார்.

கையெழுத்தெல்லாம் முடிந்தது. ஆசிரியர் சாவியை அண்ணனிடம் நீட்டினார். வாழ்நாளெல்லாம் அதற்காகக் காத்திருந்த மனிதர் கையை நீட்டவில்லை.

"நான் ஓட்டுறவன்தான் சார். வண்டியக் கண்டுபிடிச்சது அவ. அவ கையில குடுங்க."

மதினி சாவியை வாங்கிக்கொண்டார். இந்த முறை கையைத் துடைக்கவில்லை.