இடது மூலையில் விருமாண்டி

விருமாண்டி அண்ணனுக்குப் பொறாமை கூடவே பிறந்தது. பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் ஒரு சாண் தண்ணீர் கூடுதலாகக் கிடந்தால் இவருக்குச் சோறு இறங்காது. அவர் என் பெரியப்பா மகன். ஆனையூரில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே வாசல். அதனால் அந்த வயிற்றெரிச்சலின் புகை முதலில் என் மூக்கில்தான் ஏறும்.

கபடியில் மட்டும் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. எங்கள் அணிக்கு அவர்தான் தலைவர். இடது மூலையில் நிற்பார். பாடி வருகிறவன் காலை வீசினால் கணுக்காலைக் கவ்விவிடுவார். அதைவிடப் பெரிய பேர் அவருடைய மூளைக்கு. ஓர் ஊரோடு ஆடிய ஆட்டத்தை இன்னோர் ஊரோடு ஆடமாட்டோம். பரவைக்காரர்களுக்குக் கனத்த உடம்பு. மூச்சு வாங்க ஓடவிட்டுக் கடைசியில் அமுக்குவோம். வாடிப்பட்டிக்காரர்கள் அவசரக்காரர்கள், இளைத்தவனாகப் பார்த்து ஒருவனை முன்னால் நிறுத்தி, ஆசை காட்டி உள்ளே இழுத்து வளைப்போம். “விருமாண்டி ஆளுக்கு அளவெடுத்துச் சட்டை தைக்கிறவன்யா” என்று சமயநல்லூர் வரைக்கும் பேச்சு.

அளவெடுத்தது அண்ணன் சம்சாரம் ரெங்கம்மாள் மதினி என்பது எங்கள் இரண்டு வீட்டுக்கு மட்டும் தெரியும். காய் விற்கப் போகிற இடத்தில் கபடி நடந்தால் மதினி கூடையை ஓரமாக இறக்கி வைத்துவிட்டுப் பார்ப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, விற்காமல் மீந்த கத்தரிக்காயில் ஏழு காயை எடுத்துத் தரையில் பரப்புவார். அது நாங்கள். எதிராளிக்கு ஒரு பச்சை மிளகாய். மிளகாய் எப்படி வரும், எந்தக் கத்தரிக்காய் நகர வேண்டும் என்று மதினி நகர்த்திக் காட்டுவார். அண்ணன் மறுநாள் அதையே மைதானத்தில் தன் சொந்தச் சரக்காக எங்களுக்குச் சொல்வார். நானும் புதிதாகக் கேட்பதுபோலத் தலையாட்டுவேன்.

எழுபத்தொன்பதாம் வருஷம் சித்திரையில் சமயநல்லூர்க்காரர்களோடு இறுதி ஆட்டம். அந்த ஊர்க் கோப்பை அதுவரை எங்கள் ஊருக்கு வந்ததே இல்லை. அவர்கள் பக்கம் பாடி வருகிறவன் கருத்தக்கண்ணன். நல்ல உயரம், தேக்கு மாதிரி உடம்பு. காளவாசலுக்குக் காய் கொண்டுபோன மதினி அங்கே அவன் ஆடியதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அன்றைக்கு மிளகாயெல்லாம் விற்றுப் போயிற்று. மதினி கூடையைத் துழாவி, பளபளவென்று நீளமாக ஒரு முருங்கைக்காயை எடுத்து நடுவில் வைத்தார்.

“அவனுக்கு மட்டும் என்ன நல்ல காயா எடுத்து வைக்கிற?” என்றார் அண்ணன்.

“இருக்குறதத்தான மாமா வைக்க முடியும்? இங்க பாருங்க. இவன் கால வீசுறதுக்கு முன்னாடி இடது தோளு இறங்கும். கழுத்துல ஒரு நரம்பு எந்திரிக்கும். அதுவரைக்கும் நீங்க அசையக் கூடாது.”

“நரம்பு வரைக்கும் பாத்தியாக்கும்?”

அண்ணன் முருங்கைக்காயை எடுத்து மடக்கென்று ஒடித்தார். அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை. போட்டி நாள் வருவதற்குள் வாசலில் என்னை நிறுத்தி வைத்து, “அவன் என்னைய விட ஒசரமாடா?” என்று எத்தனை முறை கேட்டார் என்று எனக்கே கணக்கில்லை.

மதினியும் கருத்தக்கண்ணனும் ஒருவரை ஒருவர் பார்க்கவும் கூடாது, மதினியை வீட்டில் விட்டுவிட்டு வரவும் மனசில்லை, ஆட்டத்தின் நடுவில் அவர் யோசனை வேண்டுமே. அதனால் அண்ணன் ஒரு காரியம் செய்தார். எங்கள் பக்கத்துக் கடைசிக் கோட்டுக்கு வெளியே, தன் மூலைக்கு நேர் பின்னால் மதினியை உட்கார வைத்தார். தன் முதுகு மறைத்துக்கொள்ளும் என்று கணக்கு. கபடியில் பாடி வருகிறவன் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு வருவான் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். பொறாமைக்காரனுக்குத் தெரிந்தது எதுவும் வேளைக்கு உதவாது.

முதல் பாதியில் மதினி சொன்னபடியே நடந்தது. தோள் இறங்கியது, நரம்பு எழுந்தது, கால் வந்தது. அண்ணன் இரண்டு முறை கணுக்காலைக் கவ்விக் கருத்தக்கண்ணனைக் குப்புறத் தள்ளினார். நல்ல முன்னிலை. கோப்பை எங்கள் கூரையில் ஏறிவிட்டது என்றே நினைத்தேன்.

இடைவேளை முடிந்து அணிகள் பக்கம் மாறின. அண்ணன் நேராகப் போய் மதினியை எழுப்பி, மைதானத்தைச் சுற்றி நடத்திக் கூட்டிவந்து, மறுபடி தன் முதுகுக்குப் பின்னால் உட்கார வைத்தார். கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. கருத்தக்கண்ணன் சிரிக்கவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றான்.

அடுத்துப் பாடி வந்தபோது அவன் காலை வீசவே இல்லை. அண்ணனின் தோளுக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தான். அண்ணனின் தலை பின்னால் திரும்பியது. தொட்டுவிட்டுப் போய்விட்டான். அண்ணன் மறுபடி உள்ளே வந்ததும் அதே பார்வை, அதே திருப்பம். “முன்னாடி பாருண்ணே!” என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். கடைசியாக அவன் பாடி வந்தபோதும் அண்ணன் கழுத்து திரும்பியது. ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம்.

ராத்திரி அண்ணன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நானும் போகாமல் அங்கேயே இருந்தேன்.

“அவன் ஒன்னையத்தான பாத்தான்?”

“அவன் யாரையும் பாக்கல மாமா. பாக்குற மாதிரி பாத்தான்.”

“அது ஒனக்கு எப்பிடித் தெரியும்? அவனையே பாத்துக்கிட்டு இருந்தியா?”

மதினி சோற்றுத் தட்டை அவர் முன்னால் நகர்த்தினார். “முதுகுக்குப் பின்னாடி உக்கார வச்சா என்னத்தப் பாக்க முடியும்? ஒங்க கழுத்தத்தேன் பாத்துக்கிட்டு இருந்தேன். ஒங்களுக்கும் ஒரு நரம்பு எந்திரிக்குது. கலியாணமான நாள்லருந்து பாக்குறேன்.”

அண்ணன் தன் கழுத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு தட்டை இழுத்துக்கொண்டு கேட்டார்: “அடுத்த வருசம் என்ன செய்ய?”

“நீங்க வெளிய உக்காரணும். மூலைக்குச் சங்கிலிய விடணும்.”

சங்கிலி நான்தான். அண்ணன் என்னை மேலும் கீழும் முறைத்துப் பார்த்தார். ஆனாலும் மறுவருஷம் உட்கார்ந்தார், மதினிக்குப் பக்கத்திலேயே. நான் மூலையில் நின்றேன். தோள் இறங்கும்வரை அசையாமல் இருந்து கருத்தக்கண்ணனைப் பிடித்தேன். ஜெயித்தோம்.

கோப்பையை ஓடிக் கொண்டுபோய் அண்ணன் கையில் கொடுத்தேன். வாங்கியவர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்படியே மதினியின் மடியில் வைத்துவிட்டு என்னைக் காட்டிக் கேட்டார்:

“இவன் கழுத்தையும் பாத்தியா?”

மதினி விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார்.