பதினைந்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர்

பெங்களூரில் வேலை கிடைத்ததும் என் மகள் என்னையும் சேர்த்து மூட்டை கட்டப் பார்த்தாள். மனைவி போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தனியாக விட்டால் அப்பா ஒருவேளைச் சோற்றுக்குக்கூட வழி தெரியாமல் கிடப்பார் என்று அவளுக்கு எண்ணம். எங்கள் அனுப்பர்பாளையத்தைத் தாண்டி ஓர் அடி வைக்கமாட்டேன் என்று கத்தினேன். கத்துவது எனக்குப் புதிதல்ல. நாற்பது வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்து, குறையுள்ள சரக்கை ரிஜெக்ட் செய்தவன்.

கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆனது. கையளவுத் தொட்டியில் ஒரு செடியைக் கொண்டுவந்து ஹால் ஜன்னலில் வைத்தாள். தடித்த, கூரான இலைகள். அவற்றில் குறுக்கே வெள்ளைக் கோடுகள். ஹாவொர்த்தியா என்று பெயராம்.

"மூணு மாசம் இத உசுரோட வெச்சிருங்கப்பா. அப்புறம் பெங்களூருன்னு வாயே தொறக்கமாட்டேனுங்க. பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா தண்ணி, அவ்வளவுதான். பூன கடிச்சாலும் ஒண்ணும் ஆவாதுங்க."

பூனை, கம்பெனியில் கட்டிங் வேஸ்ட் துணி மூட்டைக்குள் பிறந்து என்னோடு வீட்டுக்கு வந்தது. பச்சையாய் எதைக் கண்டாலும் கடிக்கும். சமையலறை ஜன்னலில் வைத்திருந்த கற்றாழையைத் தின்றுவிட்டு ஒருமுறை இரண்டு நாள் வாந்தி எடுத்தது. டாக்டரிடம் திட்டு வாங்கியது நான்.

ஒரு லைன் முழுக்க ஓடுகிற மிஷின்களைக் கவனித்தவனுக்கு ஒரு தொட்டியை வைத்துப் பரீட்சையா என்று கோபம் வந்தது. ஆனாலும் வீடு என்னுடையது, விடமுடியாது. சரியென்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோ காலில் வருவாள். முதலில் செடி, அப்புறம் பூனை, கடைசியில் நான். சரக்கு வாங்கும் பையர் வருகிற அன்று கம்பெனியைக் கழுவித் துடைத்து நிறுத்துவதுதான் எங்களுக்குப் பழக்கம். அதனால் சனிக்கிழமையே தயாராகிவிடுவேன். இலைகளைப் பனியன் துணியால் துடைத்து, செடி தெளிச்சியாகத் தெரியட்டும் என்று கொஞ்சம் தண்ணீர் விடுவேன். கொஞ்சம்தான், அரை டம்ளர் இருக்கும். அவள் "சூப்பருங்கப்பா" என்பாள். அந்த வார்த்தை அன்று முழுவதும் காதிலேயே நிற்கும். அடுத்த சனிக்கிழமை முக்கால் டம்ளர்.

இரண்டாவது மாதம் பூனை போகிற போக்கில் ஓர் இலையைத் தட்டியது. இலை கழன்று விழுந்தது. செடியைத் தொட்டேன், அடிப்பக்கம் கொழகொழவென்று அழுகி, வேர் இல்லாமல் கையோடு வந்துவிட்டது. பராமரிப்பே வேண்டாத செடியைப் பராமரித்தே கொன்றிருந்தேன்.

ஊர் பேர் தெரியாத இடத்தில், நாலாவது மாடியில், டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவன் கண்ணுக்குத் தெரிந்தான்.

அடுத்து என்ன செய்வதென்று யோசிக்க நேரம் ஆகவில்லை. பையர் ஓகே செய்த சாம்பிள் தொலைந்துபோனால் எங்கள் தொழிலில் யாரும் அழுவதில்லை. அதேபோல் இன்னொன்றைத் தைத்து வைத்துவிடுவோம். போனிலிருந்த படத்தைப் பார்த்து உயரம், அகலம் எல்லாம் குறித்துக்கொண்டு, டேப்பையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மொபெட்டில் கிளம்பினேன். மூன்று நர்சரியில் இல்லை. நாலாவது, அவிநாசி ரோட்டில். அங்கிருந்தவர் ஒரு கற்றாழைக் கன்றை நீட்டினார்.

"ரெண்டும் ஒண்ணுதானுங்ணா. வளந்தா வித்தியாசமே தெரியாதுங்க."

கலர் மாறிய துணியைக் கொண்டுவந்து இதே வார்த்தையைச் சொன்ன எத்தனை டையிங்காரர்களைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

"வெள்ளக் கோடு எங்கீங்க? இதத் தின்னுபோட்டு எம்பட பூன வாந்தி எடுத்தா நீங்க வந்து பாப்பீங்களா?"

அவர் முனகிக்கொண்டே உள்ளே போய்ச் சரியானதை எடுத்துவந்தார். அளவு கச்சிதம். இலை மட்டும் ஒன்று கூடுதல். வீட்டுக்கு வந்து நகவெட்டியால் அதையும் நேர்செய்தேன். அதற்கப்புறம் பயத்தில் அதன் பக்கமே போகவில்லை. அது ஜோராக இருந்தது.

மூன்று மாதம் முடிந்ததும் மகள் வந்தாள். பையைக்கூட இறக்காமல் நேராக ஜன்னலுக்குப் போய், தொட்டியைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நெசமாலுமே நல்லா வெச்சிருக்கீங்கப்பா. நாந்தான் சும்மா பயந்துக்கிட்டேனுங்க."

பிறகு உட்கார்ந்து போனை எடுத்தாள். "அங்க ரெண்டு பெட்ரூம் ஊடு ஒண்ணு பாத்து வெச்சிருந்தேனுங்க. உங்க ரூம்பு ஜன்னலுக்கு வல அடிக்கச் சொல்லியிருந்தேன், பூன குதிச்சரக் கூடாதுன்னு. இனி எதுக்குங்க அது? எனக்கு ஒரு ரூம்பு போதும். வாராவாரம் கூப்பிட்டு உங்களத் தொந்தரவு பண்றதையும் நிறுத்திடறேன். செரிங்களாப்பா?"

"செரி கண்ணு" என்றேன். வேறென்ன சொல்ல, ஜெயித்தது நானல்லவா?

அவள் அந்த வீட்டுக்காரரைப் போனில் அழைத்து, வீடு வேண்டாம் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்திலேயே நின்றேன். என் கையால் போன சரக்கை யாராவது ரிஜெக்ட் செய்யமாட்டார்களா என்று நான் ஏங்கியது, என் ஆயுசில் அந்த ஒரு நாள்தான்.