லின் அக்காவின் தொழில் என்ன?

லின் அக்கா செத்துப்போனார். போன வியாழக்கிழமை காலை, ஆஸ்பத்திரியில்... பக்கத்தில் நான் மட்டும்தான்.

லண்டனில், செவன் கிங்ஸில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஏழு வருடமாக கிளீனிங் செய்தவர். சீனாக்காரி. இந்த ஃபேஸ்புக் பக்கத்தில் எதையெல்லாமோ எழுதியிருக்கிறேன், அவரைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை.

வேலையிடத்து வாட்ஸ்அப் குரூப்பில் எங்கள் மனேஜர் அஞ்சலி போட்டிருக்கிறார். "எப்போதும் சிரித்த முகத்துடன் வலம்வந்த எங்கள் அன்பான கிளீனர்." கீழே வரிசையாக இதயங்கள்.

சிரித்த முகமா? ஏழு வருடத்தில் அந்த மனுசி மூன்று தரம் சிரித்திருந்தால் அதிகம். முகத்தையே பார்க்காதவர்களுக்கு அஞ்சலி எழுத மட்டும் என்ன அவசரம்?

லின் அக்கா லோயர். தன் நாட்டில் இருபது வருடத்துக்கு மேல் கோர்ட்டில் நின்று வாதாடியவர்.

இதை ஒருநாள் நான் சொன்னபோது எங்கள் கிச்சனில் வேலை செய்பவர், நம்மவர்தான், "சைனாவில ஏது சட்டம்? அங்க லோயருக்கு என்ன வேலை?" என்று கேட்டுச் சிரித்தார். அவர் என்ன சொல்கிறார் என்று லின் அக்கா என்னிடம் கேட்டார். இங்கிலிஷில் சொன்னேன்... சொல்லியிருக்கக் கூடாது.

மொப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். முழு டீ பிரேக்கும் போனது.

ஒரு காலத்தில் அங்கே லோயர் என்ற தொழிலையே இல்லாமல் செய்திருந்தார்களாம். மூடிக்கிடந்த சட்டக் கல்லூரிகள் திரும்பத் திறந்தபோது முதலில் போய்ச் சேர்ந்த பிள்ளைகளில் இவரும் ஒருவர். பாடப்புத்தகம்கூட இல்லை. ரோனியோ அடித்த நோட்ஸ்தான்.

இவர் வாதாடத் தொடங்கிய நாட்களில் நீதிபதிகள் பொலிஸ்காரர் மாதிரித் தொப்பி போட்டுக்கொண்டு இருப்பார்களாம். பல வருடம் கழித்துத்தான் கறுப்பு அங்கி வந்தது. அதை முதல் தரம் பார்த்த அன்று வீட்டுக்குப் போய் அழுதேன் என்றார். சந்தோசத்தில்.

சாதாரண சனம் அரசாங்க அதிகாரிகள் மேல் வழக்குப் போடலாம் என்றும் ஒரு சட்டம் வந்தது. காணி பறிபோன கமக்காரருக்காக அதை வைத்தே வழக்குப் போட்டார். சிலதை வென்றும் இருக்கிறார்.

ஆனால் அதிகாரி மேல் வழக்கென்றால் கோர்ட் கவுண்டரில் மனுவை வாங்கவும் மாட்டார்களாம், வாங்கமாட்டோம் என்று எழுதித் தரவும் மாட்டார்களாம். மறுத்ததற்குக் கடுதாசி இல்லாவிட்டால் மேல் கோர்ட்டுக்குப் போக வழியில்லை.

இவருடைய லைசென்ஸுக்கு நடந்ததும் அதுதான். அது ஒரு சின்னப் புத்தகம், வருடா வருடம் முத்திரை குத்த வேண்டும். ஒரு வருடம் குத்தவில்லை. பறிக்கவில்லை, விசாரிக்கவில்லை, காரணம் சொல்லவில்லை... அடுத்த கிழமை வா, அடுத்த கிழமை வா. அப்படியே இழுத்தடித்து ஒரு மனுசியின் தொழிலை முடித்துவிட்டார்கள்.

"சட்டம் இல்லை எண்டு சொல்ல வேண்டாம் எண்டு அவரிட்டச் சொல்லு. சட்டம் இருக்கு. நல்ல சட்டம். அதாலதான் எனக்குக் கோபம்."

இவ்வளவையும் சொல்லிவிட்டு மொப்பை எடுத்துக்கொண்டு போனார். கிச்சன்காரரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரன் என்னையும் பிள்ளைகளையும் வீட்டை விட்டு எழும்பச் சொன்னான். வீடு கேட்டு கவுன்சிலுக்கு மூன்று தரம் போனேன், மூன்று தரமும் வாயால் சொல்லியே திருப்பி அனுப்பினார்கள். நாலாம் தரம் லின் அக்கா தன் லீவு நாளில் கூட வந்தார்.

கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார். "ஏலாது எண்டால் ஏலாது எண்டு எழுதித் தாங்கோ. வாங்காமல் போகமாட்டம்."

இரண்டு மணித்தியாலம். கடுதாசி வந்தது. அதை வைத்துத்தான் மறுபரிசீலனை கேட்டோம், அதனால்தான் இன்று என் பிள்ளைகள் ஒரு வீட்டில் படுக்கிறார்கள்.

ஆனால் அந்தக் கடுதாசியை நீட்டும்போது கவுண்டரில் இருந்த பெண், நீங்கள் இவரின் லோயரா என்று கேட்டாள். லின் அக்கா வாய் திறக்க முதல் நான் முந்திக்கொண்டேன்.

"இல்லை இல்லை, இவ கிளீனர். என்னோட வேலை செய்யிறவ."

ஏதும் பிரச்சினை வந்துவிடுமோ என்ற பயம். வீடு கைக்கு வருகிற நேரம்... என்ன சாட்டுச் சொன்னாலும் சொன்னது சொன்னதுதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் எனக்கு முன் சீட்டில் தனியாகப் போய் இருந்தார். நான் மன்னிப்பும் கேட்கவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை. மனேஜரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை?

இன்று மரணத்தைப் பதியப் போனேன். இங்கே அவருக்குச் சொந்தம் என்று யாரும் இல்லை, செத்தவீட்டை நான்தான் பொறுப்பெடுத்துச் செய்கிறேன். மனேஜர் விபரங்களை ஒரு தாளில் எழுதித் தந்திருந்தார். பெயர், பிறந்த திகதி, விலாசம். தொழில்: கிளீனர்.

அவருடைய லொக்கரில் கிடந்த லைசென்ஸ் புத்தகத்தையும் ஹாண்ட்பாக்கில் வைத்திருந்தேன். பக்கம் பக்கமாக முத்திரைகள்... பிறகு வெறும் தாள்.

பதிகிற பெண் தொழில் என்ன என்று கேட்டார். லோயர் என்றேன். குரல் கொஞ்சம் கூடித்தான் போனது.

ரிட்டயர்ட் என்று போடவா என்றார். "இல்லை. அவ ரிட்டயர் ஆகேல்லை."

சண்டைக்கு ஆயத்தமாக, பைக்குள் அந்தப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அவர் ஒரு அத்தாட்சியும் கேட்கவில்லை. டைப் பண்ணினார். ஸ்கிரீனை என் பக்கம் திருப்பி, சரியா என்று பாருங்கள் என்றார்.

ஒரு சொல். அன்றைக்கு அந்தக் கவுன்சில் கவுண்டரிலும் நான் சொல்ல வேண்டியிருந்தது இதே ஒரு சொல்தான்.

புதன்கிழமை பெட்டி மூட முதல் புத்தகத்தை உங்கள் கையில் வைப்பேன். போயிட்டு வாங்கோ, லோயர் அக்கா.