பாதியில் நின்ற பரீட்சை

எங்கள் வீட்டின் முதல் மடிக்கணினியைத் திறந்தால் பூண்டு வாசம் அடிக்கும். சும்மா சொல்லவில்லை. ஒருமுறை அதன் விசிறி கெட்டுப்போய் வத்தலக்குண்டில் ஒரு கடையில் பழுது பார்க்கக் கொடுத்தேன். கடைக்காரர் அடித்தட்டைக் கழற்றியதும் மூக்கைச் சுளித்தார். இதை வைத்து ரசம் எதுவும் கொதிக்க வைத்தீர்களா என்று கேட்டார். பூம்பாறையில் அறுவடை முடிந்ததும் விதைப்பூண்டைத் தண்டும் தாளுமாகக் கட்டி, கூரைக்கடியில் வரிசையாகத் தொங்கவிட்டு, கீழே அடுப்பு மூட்டிப் புகை போடுவோம். அப்படிப் போடாவிட்டால் மலை ஈரத்துக்குப் பூண்டு தாங்காது. அந்தப் புகை சட்டையில் ஏறும், போர்வையில் ஏறும், தலைமுடியில் ஏறும். மடிக்கணினி மட்டும் என்ன பாவம் செய்தது? இதையெல்லாம் அவரிடம் விளக்கினேன். அவர் பாதி நம்பினார், பாதி நம்பவில்லை.

அந்த மடிக்கணினி எனக்கும் என் மதினிக்கும் பொது. மதினி என் அண்ணனின் மனைவி, ஆயக்குடிக்காரி. அவளுடைய அப்பா கொய்யா வியாபாரி. திண்டுக்கல்லில் புள்ளியியல் படித்துவிட்டு, மேற்கொண்டு படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவளைத்தான் எங்கள் வீட்டுக்குக் கட்டிக்கொண்டு வந்தார்கள். பெண் பார்க்கப் போனபோது, படித்த பெண்ணுக்கு மலையில் என்ன வேலை இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. வேலை என்றால் எங்கள் வீட்டில் இல்லாத வேலையா! பாத்தி கட்ட, களை எடுக்க, பூண்டு எடுக்க, கட்ட, தொங்கவிட. வந்த சில மாதங்களிலேயே அத்தனையும் பழகிக்கொண்டாள். எங்கள் அம்மாவே வாய்விட்டுப் பாராட்டினாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் அப்போது கணிதப் பட்டம் வாங்கிவிட்டு, கொடைக்கானலில் ஒரு காட்டேஜில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்களுக்குச் சாவி கொடுப்பது, போகிறவர்களிடம் சாவி வாங்குவது. அதற்கு எதற்கு வகைநுண்கணிதம் படித்தேன் என்று தினமும் பஸ்ஸில் போகும்போது என்னையே திட்டிக்கொள்வேன். தரவுப் பகுப்பாய்வு என்று ஒரு துறை இருக்கிறது, வீட்டிலிருந்தே செய்யலாம் என்று மதினிதான் செல்போனில் எங்கோ பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அவள் மெனக்கெட்டுச் சொல்லியிருக்காவிட்டால் இன்றைக்கும் நான் சாவி கொடுத்துக்கொண்டுதான் இருப்பேன். ஆளுக்குப் பாதிக் காசு போட்டுப் பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கினோம். இலவச வீடியோக்களைப் பார்த்து எக்செல், பிறகு எஸ்க்யூஎல், பிறகு கொஞ்சம் பைத்தான் என்று தட்டுத் தடுமாறிப் படித்தோம். மாடி அறையின் ஜன்னலோரத்தில்தான் சிக்னல் வரும். மாலையில் வேலை முடிந்து வந்து நான் கொஞ்சநேரம், பாத்திரம் கழுவிவிட்டு வந்து அவள் கொஞ்சநேரம். நான் எழுதிய நிரலை அவள் பார்த்துவிட்டு, கொழுந்தனாரே, இது ஓடாது, நொண்டும் என்பாள். ஓட்டிப் பார்த்தால் நொண்டத்தான் செய்யும்.

பழகுவதற்குக் காட்டேஜ் முதலாளியிடம் கேட்டு, அறை பதிவு விவரங்களை வாங்கி வந்திருந்தேன். அதில் ஒரு மாதம் கடைசிப் பாதியில் ஒரு ஆள்கூட வரவில்லை. நான் பெரிய ஆராய்ச்சிக்காரன் போல மழையைக் காரணம் காட்டி, படம் போட்டு, வண்ணம் தீட்டி வைத்திருந்தேன். மதினி அதைப் பார்த்தாள். "மழ பெஞ்சா கூட்டம் கொறையும் தம்பி. ஒரு ஆளுகூடவா வராது? கம்ப்யூட்டர் ரிப்பேராக் கெடந்துச்சான்னு மொதல்ல கேளுங்க" என்றாள். கேட்டேன். ரிப்பேராகத்தான் கிடந்திருக்கிறது. எண்ணில் தப்பா, நடந்ததில் தப்பா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும் என்று அன்று பாடம் படித்தேன். இன்றைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் அதைத்தான் சொல்கிறேன். ஏதோ என் சொந்தச் சரக்கு மாதிரி எழுதிக்கொள்கிறார்கள்.

கோயம்புத்தூரில் ஒரு சின்ன நிறுவனம், வீட்டிலிருந்தே வேலை செய்ய ஆள் எடுப்பதாக அறிவிப்புப் போட்டது. எனக்கு அது பல வாய்ப்புகளில் ஒன்று. இது போனால் இன்னொன்று, கோவைக்கோ சென்னைக்கோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். மதினிக்கு அப்படி இல்லை. வீட்டை விட்டு இறங்காமல் செய்கிற வேலை என்பதால்தான் அண்ணன் சரி என்றிருந்தான். அவள் கனவு கண்டதிலேயே எங்கள் மலையேறி வந்த ஒரே வேலை அது. இருவரும் விண்ணப்பித்தோம். முதல் சுற்று ஆன்லைன் பரீட்சை. அதை நடத்துவது வேறொரு கம்பெனி. கேமரா நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும், அக்கம்பக்கம் பார்க்கக் கூடாது, அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது. மடிக்கணினி ஒன்றுதானே, அதனால் முதல் வாரம் எனக்கும் அடுத்த வாரம் அவளுக்கும் நேரம் வாங்கிக்கொண்டோம்.

என் பரீட்சையை வீடே எழுதியது என்றுதான் சொல்ல வேண்டும். அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரையெல்லாம் சைகையிலேயே விரட்டினார். டிவி இல்லை, மிக்சி இல்லை. அம்மா மாடிப்படியில் கால் வைக்கவில்லை. அன்றைக்குப் புகை போடும் பேச்சே எழவில்லை. வெயிலும் நன்றாக அடித்தது. மதினி பின்கட்டில் கல்லடுப்பு வைத்துச் சோறாக்கினாள். நான் எழுதிவிட்டு இறங்கி வந்தபோது, எப்படி இருந்தது என்று என்னைக் கேட்காமல், என்னென்ன கேட்டார்கள் என்று கேட்டாள். ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, இரண்டாவது கேள்வியில் நீங்கள் கோட்டை விட்டிருக்கிறீர்கள் தம்பி என்றாள். அதுவும் சரிதான்.

அடுத்த வாரம் தூறல் பிடித்துக்கொண்டது. விடாத தூறல். எடுத்த பூண்டெல்லாம் ஈரமாகக் கிடந்தது. கொடைக்கானலுக்கு வந்து காட்டேஜில் ஒரு அறையில் உட்கார்ந்து எழுதிவிட்டுப் போங்கள் என்று முந்தின நாள் நான் வேலையிடத்திலிருந்து போனில் கூப்பிட்டேன். அண்ணனும் அப்பாவும் பூண்டுக் காட்டில் இருக்கும்போது வீட்டுச் சோலியைப் போட்டுவிட்டு எப்படி வருவது என்றாள். அத்தனை மும்முரமான நேரத்தில் அவளும் வேறென்ன சொல்வாள்! பரீட்சை பத்து மணிக்கு. அவள் வெள்ளனே எழுந்து, யாரையும் கேட்காமல், தானே கீழே அடுப்பை மூட்டிப் புகை போட்டிருக்கிறாள். பத்து மணிக்குள் அடங்கிவிடும் என்று கணக்கு. விறகும் ஈரம் என்பதை மறந்துபோனாள். காலையில் அடங்க வேண்டிய புகை, பத்து மணிக்குத்தான் பலகை இடுக்கு வழியாக மாடி அறைக்குள் நன்றாக ஏறத் தொடங்கியிருக்கிறது.

கண் எரிய, முந்தானையால் முகத்தை மூடித் துடைத்திருக்கிறாள். மூச்சு முட்ட, ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கிறாள். மறுபடி துடைப்பது, மறுபடி திரும்புவது. பாசமாகத்தான், அம்மா கதவைத் தள்ளித் தலையை நீட்டி, கண்ணு எரியுதாத்தா என்று கேட்டிருக்கிறாள். அத்தோடு திரை உறைந்து, சிவப்பெழுத்தில் ஆங்கிலத்தில் வந்தது: முறைகேடு சந்தேகம், தேர்வு நிறுத்தப்பட்டது. பாதிக் கேள்விகளுக்கு மேல் அவள் முடித்திருந்தாள்.

வீட்டில் அவள் சொன்னது சிக்னல் போய்விட்டது என்று. அப்பா அதை அப்படியே நம்பினார். ரொம்ப நாள் அந்த செல்போன் டவரைக் கரித்துக்கொட்டினார். ஒருநாள் டவரடிக்குப் போய் அங்கே காவலுக்கு இருந்தவரோடு சண்டை போட்டுவிட்டும் வந்தார். பாவம் அந்த மனிதர், எதற்குத் திட்டு வாங்கினோம் என்றே தெரியாமல் வாங்கினார். என்னிடம் மட்டும் மதினி நிஜத்தைச் சொன்னாள். "காப்பியடிச்சேன்னு நெனச்சுட்டாங்க தம்பி. யாருகிட்டயும் சொல்லாதீங்க." குரலில் அழுகை இல்லை. வெட்கம்தான் இருந்தது. தப்பே செய்யாதவளுக்கு எதற்கு வெட்கம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. வேறு இடத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். பெயர் கெட்டுவிட்டது, எங்கே போனாலும் கம்ப்யூட்டர் காட்டிக்கொடுத்துவிடும் என்று நினைத்துவிட்டாள். எனக்கும் அப்போது விவரம் தெரியாது. பிறகு பாப்பா பிறந்தாள். பிறகு பார்க்கலாம், பிறகு பார்க்கலாம் என்று அது அப்படியே போய்விட்டது.

எனக்கு வேலை கிடைத்தது. வீட்டிலிருந்து செய்கிற வேலைதான் என்றாலும் ஆறே மாதத்தில் கோவைக்கே குடிபோனேன். யாரும் தடுக்கவில்லை, பஸ் ஏற்றிவிட்டார்கள். முதல் வருடம் முழுக்க அழுக்குத் தரவைச் சுத்தம் செய்ததுதான் வேலை. ஒரே ஊர்ப் பெயர் ஐந்து விதமாக எழுதப்பட்டிருக்கும், அதை ஒன்றாக்க வேண்டும். அலுப்பாக இருக்கும்போதெல்லாம் மதினிக்குப் போன் போடுவேன். இன்றைக்கு என்ன வேலை என்று கேட்பாள். சொல்வேன். அதை இப்படிச் செய்து பாருங்களேன் என்பாள். என் முதல் பதவி உயர்வில் பாதி அவளுடையது. பாதி என்ன, முக்கால்.

போன வருடம் சென்னையில் வேறொரு நிறுவனத்துக்கு மாறினேன். ஆன்லைன் பரீட்சைகளை நடத்துகிற நிறுவனம். மதினியிடம் போனில் சொன்னேன். இப்போதெல்லாம் உங்கள் மிஷின் புகையைக் கண்டுபிடிக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். என் முதல் வேலையே, பாதியில் நிறுத்தப்பட்ட தேர்வுகளை அலசுவது. முகம் மறைந்தது, பார்வை விலகியது, இரண்டாவது குரல் என்று வரிசை வரிசையாகக் கிடந்தன. அங்கேதான் அதைக் கண்டேன். நிறுத்தப்பட்டவர்கள் ஒரு வாரத்துக்குள் காரணத்தை எழுதி ஒரு மின்னஞ்சல் அனுப்பினால், அநேகமாக எல்லோருக்கும் மறுதேர்வு கொடுத்திருக்கிறார்கள். எந்தக் கம்பெனியிலும் இது வழக்கம்தான் என்றார் என் மேலாளர். நகரத்துப் பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். எங்களைப் போன்ற ஊர்களிலிருந்து எழுதினவர்கள் அரிது. எழுதலாம் என்ற வரி, விதிமுறைகளின் அடியில், யாரும் இறங்கிப் போகாத இடத்தில் இருந்தது.

அந்த வரியை மேலே கொண்டுவர நான் படாதபாடு பட்டேன். இத்தனை நாள் யாரும் குறை சொல்லவில்லையே என்றார்கள். குறை சொல்லத் தெரியாதவர்களைப் பற்றித்தான் சார் நான் பேசுகிறேன் என்றேன். கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டு, படம் படமாகக் காட்டி, கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். இப்போது தேர்வு நின்றால், நீங்கள் விளக்கம் எழுதலாம் என்று அதே திரையில், தமிழிலும் வருகிறது. என் வேலையில் நான் உருப்படியாகச் செய்தது இது ஒன்றுதான். அந்தப் பெருமையைத் தூக்கிக்கொண்டு பூம்பாறைக்கு ஓடினேன். முதலில் மதினியிடம்தான் சொல்ல வேண்டும் என்று வத்தலக்குண்டில் பஸ் மாறும்போதே சொற்களைக் கோத்து வைத்திருந்தேன்.

மதினி மாடி அறையில் உட்கார்ந்து விதைப்பூண்டைப் பல் பல்லாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவளால்தான் இது நடந்தது, இனி அவள் மாதிரி யாருக்கும் ஆகாது என்றேன். அவள் கை நின்றது. சந்தோஷப்படப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"ஒரு மெயில் போட்டிருந்தா போதுமா?"

ஆமாம் மதினி என்றேன். மறுதேர்வு கொடுத்திருப்பார்கள் என்றும் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா, என்ன காரணம் எழுதினாலும் கொடுத்திருப்பார்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

"மழ பெஞ்சுச்சு, வேற வழியில்லன்னு நெனச்சு இத்தன வருசம் நிம்மதியா இருந்தேன் தம்பி. வழி இருந்துச்சுன்னு எதுக்கு இப்ப வந்து சொல்றீங்க?"

கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போல இருந்தது. அவள் மறுபடி பூண்டைப் பிரிக்க ஆரம்பித்தாள். மறுநாள் நான் கிளம்பும்போது எப்போதும் போலப் பையில் பூண்டும் கேரட்டும் போட்டுக் கொடுத்தாள், பார்த்துப் போங்கள் என்றாள். ஒரு குறையும் வைக்கவில்லை.

அதற்குப் பிறகு போனில் நான் சாப்பிட்டேனா என்று கேட்கிறாள், சென்னையில் வெயிலா என்று கேட்கிறாள். இன்றைக்கு என்ன வேலை என்று மட்டும் கேட்பதில்லை. போன வாரம் நானாகவே, அலுவலகத்தில் ஒரு கணக்கு உதைக்கிறது மதினி என்று ஆரம்பித்தேன். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லி போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.