இரத்தம் காணாது

முள்ளியவளையில் சதீஸின் சைக்கிள் கடைக்குப் போனால், பஞ்சர் ஒட்டி முடியுமுன்னே இரத்ததானத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் வைத்துவிடுவான். போரின் கடைசிச் சண்டையில் அவனுடைய அக்கா இரத்தம் ஏற்ற வழியில்லாமல்தான் செத்துப்போனாள். அன்றைக்குப் பிடித்த பிடிவாதம் அது. பதினெட்டுத் தடவை கொடுத்திருந்தான். விளையாட்டுக் கழகம் இரத்ததான முகாம் வைத்தால் முதல் கட்டில் அவனுக்குத்தான். வேறு யாராவது முந்திப் படுத்துவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

கத்தாரில் மூன்று வருடம் வேலை செய்துவிட்டு வந்து கொடுத்தது பத்தொன்பதாவது. கொஞ்ச நாளில் இரத்த வங்கி கூப்பிட்டது. எச்.ஐ.வி. என்றார்கள். ஒழுங்காக மருந்துக் குளிசை குடித்தால் நெடுங்காலம் வாழலாம் என்று டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். அவன் காதில் ஒன்றுதான் நின்றது: அவன் கொடுத்த இரத்தத்தை அழித்துவிட்டார்களாம். வீட்டுக்கு வந்து மனைவி தனுஷாவிடம் ஒன்றும் மறைக்காமல் சொல்லி அழுதான். பரிசோதித்ததில் அவளுக்குத் தொற்று இல்லை. பத்து நாள் அவள் அவனோடு கதைக்கவில்லை. ஆனால் குளிசைக்கு நேரம் தவறாமல் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

குளிசை தொடங்கி மூன்று மாதத்தில், ரியூப்புக்குக் காற்றடிக்கவே மூச்சு வாங்கியது. அந்த நேரம் பார்த்துத்தான் அடுத்த முகாம் வந்து தொலைத்தது. காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கிடந்தவனைக் கழகத் தலைவர் முத்துலிங்கம் விடவில்லை.

"நீ இல்லாமல் தொடங்கினால் சனம் என்ன கதைக்கும்? எழும்படா தம்பி," என்று மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார்.

அங்கிருக்கும் டொக்டரிடம் தனியாக உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் சதீஸ் போனான். ஆனால் கட்டிலில் படுக்காமல் திரும்பினால், ஏன் என்று கேட்கும் ஊருக்கு என்ன சொல்வது? தாதி அவனுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். பிறகு விரலில் குத்தினாள்.

"இரத்தம் காணாது அண்ணை, நல்லாக் குறைஞ்சிருக்கு. இந்தமுறை குடுக்கேலாது."

பள்ளிக்கூட மண்டபத்தில் எல்லாருக்கும் அது கேட்டது. அவள் காலில் விழலாம் போலிருந்தது அவனுக்கு.

பிறகு ஊர் சும்மா இருக்குமா? ஊருக்குக் கொடுத்துக் கொடுத்தே மனுசன் வெளிறிப்போனான் என்று பேச்சு. முருங்கையிலையும் ஈரலும் பேரீச்சம்பழமும் வீடு தேடி வந்தன. ஒவ்வொரு பையையும் கள்ளனைப் போலக் கூசிக்கூசி வாங்கினான். தனுஷா அவற்றைக் குசினியில் வைத்துச் சமைத்துப் போட்டாள்.

குளிசைகளில் ஒன்றுதான் அவனுக்கு இரத்தத்தைக் குறைத்தது என்று கிளினிக்கில் கண்டுபிடித்து, வேறொன்று மாற்றித் தந்தார்கள். மூன்று மாதத்தில் இரத்த அளவு பதின்மூன்றுக்கு ஏறிவிட்டது. டொக்டர் சந்தோசப்பட்டார். சதீஸும் சந்தோசப்பட்டான், கடை வாசலில் முத்துலிங்கத்தைக் காணும்வரை.

"முகத்தில நல்ல நிறம் வந்திட்டுது," என்றார் அவர். "வாற மாசம் முகாம். முதல் கட்டில் உனக்குத்தான்."

அடுத்த கிழமை, தோய்க்க எடுத்த சட்டைப் பையில் தனுஷா மூன்று குளிசைகளைக் கண்டாள்.

"ஏன் குடிக்கேல்லை?"

"இந்தப் புதுக் குளிசையாலதானே இரத்தம் ஏறினது. திரும்பக் குறைஞ்சால் ஏன் குடுக்கேல்லை எண்டு ஒருத்தரும் கேளாயினம்."

"ஊருக்குப் பயந்து சாகப்போறியளோ? செத்தால் மட்டும் ஏனெண்டு சனம் கேளாதோ?"

அவள் தண்ணீரும் அன்றைய குளிசையும் கொண்டுவந்து கொடுத்து, விழுங்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு, அந்தத் தாதி செய்ததுபோலவே அவனுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள்.

"நல்லாச் சிவந்திருக்கு," என்றாள். சொல்லிவிட்டு, அவன் தோளில் முகத்தை வைத்து அழத் தொடங்கினாள்.