திரி இல்லாத விதைகள்

காலை பத்தே கால் மணிக்கு, விருதுநகரில் நான் வேலை பார்க்கும் பருப்பு மண்டியில், தண்ணீர் பாட்டிலுக்காகச் சாப்பாட்டுப் பைக்குள் கையை விட்டேன். சுண்டைக்காய் அளவில் இரண்டு சாம்பல் உருண்டைகள் கையில் வந்தன. மகள் வைத்ததுதான். நாலு வயது அவளுக்கு. தனக்குப் பிடித்தது எதுவானாலும் அதில் எனக்குப் பங்கு வைப்பாள். சிரித்தபடி மேசைமேல் வைத்தேன்.

எதிரே எடை போட்டுக்கொண்டிருந்தவர் முன்பு சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் இருந்தவர். தராசை அப்படியே விட்டுவிட்டு வந்தார்.

“எக்கா, இது எங்கன கெடச்சுச்சு?”

“பாப்பா பொறுக்குன வெதை.”

“வெதையா? மணி மருந்துக்கா இது. மேல போயி கலர் கலரா பூக்கும்லா, அந்த பேன்சி வெடிக்குள்ள இருக்கது. உரசுனாலே பத்திரும். மிச்சம் எங்க?”

மிச்சம் திருத்தங்கலில், அவளுடைய மழலையர் பள்ளியில், ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் இருந்தது.

அந்தப் பள்ளியில் பாடப் புத்தகம் கிடையாது. பிள்ளைகள் எதைப் பார்த்துக் கேட்கிறார்களோ அதுதான் அன்றைய பாடம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை முன்னால் நடக்கவிட்டு நாம் பின்னால் போக வேண்டும். அவள் பொறுக்குவதைப் பிடுங்கக் கூடாது. டப்பா அவளுடையது, கேட்காமல் திறக்கக் கூடாது. பயந்த சுபாவமுள்ள எனக்கு இதெல்லாம் கஷ்டம்தான். ஆனாலும் முந்தின ஞாயிறு ஆனைக்குட்டம் போகிற சாலையோரம் அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்தபோது, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளியே நின்றேன். யாரோ பட்டாசுக் கழிவைக் கொட்டிவிட்டுப் போன இடம் அது என்று எனக்குத் தெரியவில்லை.

“திரி இருக்கதத் தொடக் கூடாது” என்று எங்கள் ஊரில் பேசப் பழகும்போதே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவோம். அவள் சொன்னபடிதான் கேட்டாள். அந்த உருண்டைகளில் திரி இல்லை.

பள்ளிக்குப் போன் அடித்தேன். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. காலையில் பிள்ளைகளோடு இருக்கும்போது ஆசிரியை போனை அலமாரியில் வைத்துவிடுவார். கணவர் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தார்.

“நீங்க கெளம்புங்க. தீயணைப்புக்கு நான் சொல்லுதேன்” என்று சொல்லி, மேசையிலிருந்த இரண்டையும் காகிதத்தில் மெல்ல ஏந்தி, ஆள் இல்லாத கொல்லைப்பக்கம் கொண்டுபோனார் எடைக்காரர்.

ஸ்கூட்டியில் பாதி வழி வந்திருப்பேன், எங்கோ ‘டொம்’மென்று ஒரு சத்தம். சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் புகை என்று பார்ப்பது இங்கே எல்லாருக்கும் பழக்கம். நான் திருத்தங்கல் பக்கம் மட்டும் பார்த்தேன். வானம் வெறுமையாக இருந்தது. எங்காவது வெடித்துச் சோதனை செய்திருப்பார்கள். வேகத்தைக் கூட்டினேன்.

பள்ளி முற்றத்தில் பிள்ளைகள் டம்ளர் டம்ளராகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியை சிரித்த முகத்தோடு வந்தார். “வாங்கக்கா. ஒங்க மகதான் இன்னைக்கு எங்களுக்கு டீச்சர். வெதைய ஊனி, என்ன மொளைக்குன்னு பாக்கப் போறோம்.”

டப்பா காலியாக இருந்தது.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. மகளின் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்தேன். விஷயம் புரிந்ததும் ஆசிரியையின் முகம் வெளுத்தது. ஆனால் குரல் உயரவில்லை. “எல்லாரும் ரயிலு பிடிங்க” என்றார். ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தபடி பிள்ளைகள் வரிசையாக எதிர்ச்சாரிக்கு வந்தார்கள்.

“ஒங்கம்மா ஏம்ட்டி கத்துதாக?” என்று ஒரு வாண்டு என் மகளிடம் கேட்டாள். அவள் என் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள்.

“ஈரத்துலதான இருக்கு, பரவால்லதான?” என்றேன் ஆசிரியையிடம். அவர் தலையாட்டவில்லை. மருந்து நனைந்தால் சில நேரம் சூடேறிப் பற்றும் என்பது இந்த ஊரில் அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒன்று மண்ணுக்குள் தங்கினாலும், நாளைக்கு ஏதோ ஒரு பிள்ளை குச்சியால் கிளறும்.

“எங்கெங்க ஊனுனீங்கன்னு தெரியுமா?”

“நான் தண்ணி மோந்துட்டு வரதுக்குள்ள பாதி முடிச்சிட்டாகக்கா. எடம் காட்டுனதெல்லாம் ஒங்க மகதான்.”

மகளிடம் குனிந்து கேட்டேன். கெஞ்சினேன். மிட்டாய் வாங்கித் தருகிறேன் என்றேன். அவள் என் கைத்தடம் சிவந்திருந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டு தரையையே பார்த்தாள்.

தீயணைப்பு வண்டி தெருமுனையில் நின்றது. முதலில் இறங்கியவருக்கு என் வயதிருக்கும். ஆசிரியை சொன்னதைக் கேட்டுக்கொண்டு, வாசலுக்கு வெளியே நின்றே முற்றத்தை ஒரு பார்வை பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு, என் மகளுக்கு முன்னால் தெருமண்ணில் உட்கார்ந்தார்.

“தாயி, இது ஒந் தோட்டம்லா? எனக்கு இங்கன ஒண்ணும் தெரியாது. நீ இங்க நின்னுக்கிட்டே வெதை இருக்க எடத்துக்குக் கைய நீட்டு. நீ எங்க போகச் சொல்லுதியோ, அங்கதான் மாமா காலு வைப்பேன்.”